அம்மா வாங்கி வைத்த சத்துத் தண்ணி

மாடிப்படியில் இறங்கும்போது இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைப்போம். படி இருக்காது. ஒரு நொடி வயிறும் நெஞ்சும் கீழே போய்விட்டு வரும். எனக்கு முதலில் வந்தது அப்படித்தான். ஆனால் நான் படியில் இல்லை. அரியலூரில் நான் வேலை செய்யும் ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில், பிரித்துப் போட்ட சேலைகளை மடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம். எதிரே ஓர் அம்மா, "இதே டிசைன்ல அரக்குக் கலர் இருக்காம்மா?" என்று கேட்டார். நெஞ்சு ஒரு தடவை தவறியது. பிறகு விட்டதைப் பிடிப்பது போல ஓங்கி ஒன்று அடித்தது. அப்புறம் நிற்காத ஓட்டம். நான் அரக்குச் சேலையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

என் அண்ணன் செந்தில் இறந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன். என்னைப் போல நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நாளை ஓட்டுகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அதைவிட, நான் டாக்டரிடமும் அம்மாவிடமும் சொல்லாமல் விட்டதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஊர் செந்துறைக்குப் பக்கம். மழை பெய்தால் சோளம், இல்லையென்றால் அதுவும் இல்லை. எனக்கு நான்கு வயதாகும்போது அப்பா சோளக்கொல்லையில் விழுந்து இறந்துவிட்டார். வெயில் அடித்துவிட்டது என்றார்கள். அப்பாவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அண்ணன் ரெட்டிபாளையம் பக்கம் டிப்பர் லாரி ஓட்டினான். சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளத்திலிருந்து கல்லை ஏற்றிவந்து சிமெண்ட் ஆலையில் கொட்ட வேண்டும். ஆலை கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசையாக நிற்கும். முன்வண்டி நகர்ந்தால் உடனே நகர வேண்டும். டிரைவர் கண் அசந்தால் பின்னால் நிற்பவன் முந்திக்கொள்வான். ஒருவன் முந்தினால் நான்கு பேர் முந்துவார்கள். அன்றைக்கு ஒரு நடை போச்சு. இந்த வரிசைக்காகத்தான் டிரைவர்கள் எனர்ஜி ட்ரிங்க் குடிப்பார்கள். வேகமாக ஓட்டுவதற்கு இல்லை, நின்ற இடத்தில் தூங்காமல் இருப்பதற்கு.

அண்ணன் சாராயம் தொடமாட்டான், பீடி பிடிக்கமாட்டான். எங்கள் வீட்டில் டீத்தூள்கூட வாங்க மாட்டோம். அதனால் அவன் அந்தப் பாட்டிலைக் குடிப்பதை நாங்கள் ஒரு பழக்கம் என்றே நினைக்கவில்லை. ஜூஸ் குடிக்கிறான், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பாட்டிலில் ஒரு ஆள் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டும் படம் இருக்கும். அதைப் பார்த்து அம்மா வைத்த பெயர் 'சத்துத் தண்ணி'. செந்துறைக் கடையில் அட்டைப்பெட்டியாக வாங்கி வருவாள். தினமும் காலையில் சோற்று டப்பா வைக்கும் பையில் இரண்டு பாட்டில் வைப்பாள்.

"கல்லு ஏத்துற புள்ள. ஒடம்புல சத்து வேணாமா?"

"கல்ல நான் தூக்கலம்மா. லாரிதான் தூக்குது" என்பான் அண்ணன்.

"லாரிக்கு டீசல் ஊத்துறியா இல்லியா? ஒனக்கு யாருடா ஊத்துவா?"

அண்ணன் சிரித்துக்கொண்டே பையை வாங்கிக்கொள்வான். இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் நடந்தது. இப்போது அதை எழுதும்போது பேனா நிற்கிறது.

சித்திரை மாதம், காலை பதினோரு மணி. வரிசை நகர்ந்தது. அண்ணன் வண்டி நகரவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. தூங்குகிறான் என்று நினைத்து இன்னும் அழுத்தி அடித்தார்கள். கூட ஓட்டும் ரவி அண்ணன் இறங்கி வந்து, திட்டிக்கொண்டே கேபின் கதவைத் திறந்தார். அண்ணன் தலை ஸ்டியரிங்கில் கிடந்தது. ஒரு பாட்டில் காலி. இன்னொன்றில் பாதி. அண்ணனுக்கு இருபத்தேழு வயது.

போஸ்ட்மார்ட்டம் (இறந்தவரின் உடலை அறுத்துக் காரணம் பார்ப்பது) செய்தார்கள். சில வாரம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு காகிதம் வந்தது. மாரடைப்பு என்று ஊரே சொல்லிவிட்டதால் அதை யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை. பிளாஸ்டிக் கவரில் போட்டு ரேஷன் கார்டுக்குக் கீழே வைத்துவிட்டோம்.

வீட்டில் அரைப்பெட்டி சத்துத் தண்ணி மிச்சம் இருந்தது.

கருமாதி முடிந்தும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் அம்மா ஒரு பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தாள். "அவனுக்கு வாங்குனது. வீணாப் போவக் கூடாது. நீ குடி பாப்பா."

குடித்தேன். அம்மா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வாய் இறங்கியதும் எழுந்து போனாள். அண்ணன் போன பிறகு முதல் தடவையாக, யாரும் சொல்லாமல், அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அதற்காகத்தான் மறுநாளும் குடித்தேன். அரைப்பெட்டி தீர்ந்தது. அம்மா புதுப்பெட்டி வாங்கி வந்தாள். அண்ணன் பையில் வைத்தது போலவே என் பையிலும் இரண்டு வைத்தாள்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அது பிடித்திருந்தது. காலை பஸ்ஸைப் பிடிக்க வெறும் வயிற்றோடு ஓடுவேன். பஸ்ஸில் ஒன்று குடிப்பேன். அரியலூர் வருவதற்குள் உடம்பு விழித்துக்கொள்ளும். கடையில் உட்காரக் கூடாது. பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் யாரும் தண்ணீரே குடிக்க மாட்டோம். மத்தியானம் இன்னொரு பாட்டில். அதைக் குடித்துவிட்டால் கஸ்டமர் முன்னால் அழுகை வராது. அது எனக்கு மருந்து மாதிரி இருந்தது.

ஆடியில் நெஞ்சு தவறிய பிறகு, டவுனில் ஒரு கிளினிக்குக்குத் தனியாகப் போனேன். டாக்டர் நன்றாகத்தான் கேட்டார். ஈ.சி.ஜி (நெஞ்சில் ஒயர் ஒட்டி இதயத்தின் ஓட்டத்தைத் தாளில் வரைந்து பார்ப்பது) எடுத்தார். அந்த நேரத்தில் நெஞ்சு சரியாக ஓடிக்கொண்டிருந்தது.

"டீ, காபி நெறைய குடிப்பியாம்மா?"

"எங்க வூட்ல டீத்தூளே வாங்குறதில்லீங்க சார்."

பெருமையாகச் சொன்னேன். பை என் மடியில் இருந்தது. பைக்குள் பாட்டில் இருந்தது. அவர் கேட்டது டீ, காபி. என்னிடம் இருந்தது சத்துத் தண்ணி. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் சாவு நடந்திருக்கிறதா என்று கேட்டார். அண்ணன் என்றேன். விபத்து என்று நினைத்துக்கொண்டார் போல. லாரி டிரைவர் என்று நான்தான் முதலில் சொன்னேன். துக்கம், ரத்தம் கம்மி, சாப்பாடு சரியில்லை என்றார். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையையும் தினமும் சத்துத் தண்ணியை ஊற்றித்தான் விழுங்கினேன்.

இதைப் படிப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். டாக்டர் கேட்கும் கேள்வியில் உங்கள் பாட்டிலின் பெயர் இல்லாமல் இருக்கலாம். நீங்களாகச் சொல்லுங்கள். முடிந்தால் பாட்டிலையே எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

தீபாவளி நெருங்கியபோது கடையில் நிற்க இடமில்லை. ஒரு நாள் மூன்று மணிக்கு நெஞ்சு ஓட ஆரம்பித்தது, நிற்கவில்லை. காதுக்குள் அடித்தது. எதிரே இருந்த சேலையில் நிறம் போய்விட்டது. அண்ணனுக்கும் இப்படித்தான் வந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. பின்னால் ஹாரன் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து கவுண்டரில் இருந்த பர்வீன் அக்கா என்னை ஸ்டாக் ரூமுக்குள் இழுத்துப் போனார். லப்பைக்குடிக்காட்டிலிருந்து அரியலூருக்கு வாக்கப்பட்டு வந்தவர். வீட்டுக்காரர் துபாயில்.

"ஏம்புள்ள கலா, மூஞ்சி வெள்ளையடிச்ச செவுரு மாதிரி இருக்கு. சாப்ட்டியா?" என் நெஞ்சில் கையை வைத்தார். "யா அல்லா! என்னடி இது, இப்புடி அடிக்குது?"

டிபன் டப்பாவைத் தேடி என் பையைத் திறந்தவர், காலிப் பாட்டில் ஒன்றையும் பாதிப் பாட்டில் ஒன்றையும் எடுத்தார்.

"இதென்ன?"

"சத்துத் தண்ணிக்கா."

"எவ சொன்னா?"

"அம்மா."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எங்க வூட்டுக்காரரு லீவுக்கு வரப்பல்லாம் இந்த மாதிரி டப்பா டப்பாவாக் கொண்டாருவாரு. ஒரு நாளு தெரியாம ஒண்ண முழுசாக் குடிச்சிட்டேன். வூட்ல இருந்த பாத்திரம் பூரா வெளக்கிட்டேன். அப்பறம் பக்கத்து வூட்டுல போய், 'வெளக்கக் கெடக்குதா'ன்னு கேட்டேன்."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் அழுகை வந்தது. அக்கா ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாகக் குடிக்க வைத்தார். அரை மணியில் நெஞ்சு அடங்கியது.

"அம்மாட்ட சொல்லாதக்கா."

"சொல்லல. ஆனா நீ எங்கூட பெரம்பலூருக்கு வர. எங்கம்மாவப் பாக்குற நெஞ்சு டாக்டரு இருக்காங்க. வரலன்னா சொல்லிருவேன்."

தீபாவளி முடிந்த திங்கட்கிழமை போனோம். டாக்டர் ஒரு பெண். நான் வாயைத் திறக்கும் முன்பே பர்வீன் அக்கா பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டார். "மொதல்ல இதப் பாருங்க மேடம்."

டாக்டர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தார். கடுகு சைசில் ஆங்கில எழுத்து. இத்தனை மாதத்தில் அந்தப் பக்கத்தை நான் திருப்பிப் பார்த்ததே இல்லை.

"இதுல கஃபீன் இருக்கு. காபில தூக்கத்த வெரட்டுதே, அதே சரக்குதான். கூடவே நெறைய சக்கர. ஒரு நாளைக்கி எத்தன?"

"ரெண்டு மேடம்."

"காலைல சாப்ட்டியா?"

"இல்ல."

"தண்ணி?"

"கம்மிதான் மேடம்."

"தூக்கம்?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் எழுதிக்கொண்டார்.

அன்று எடுத்த ஈ.சி.ஜி.யில் எக்டோபிக் (தாளத்துக்கு நடுவில் முந்திக்கொண்டு வரும் துடிப்பு) இருந்தது. முந்திக்கொண்டு வந்த துடிப்புக்குப் பின்னால் ஒரு சின்ன இடைவெளி விழும். அதுதான் நான் உணர்ந்த, இல்லாத படி.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "தினமும் குடிச்சா கெடுதலா மேடம்?"

"ஒரு நாள் ஒண்ணு குடிச்ச எல்லாரும் விழுந்துருவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தெனமும் வேணாம். தூக்கம் கெடும், பிரஷர் ஏறும், படபடப்பு வரும். இது சத்து குடுக்கல. 'களைச்சிட்டேன்'னு ஒடம்பு சொல்றது ஒனக்குக் கேக்காமப் பண்ணுது. நெஞ்சுல ஏற்கெனவே கோளாறு இருக்கறவங்க தொடவே கூடாது. கோளாறு இருக்குன்னு பல பேருக்குத் தெரியாது, அதான் பிரச்சன." பேனாவை எடுத்தார். "வீட்ல யாருக்காவது சின்ன வயசுல திடீர்னு ஏதாச்சும் ஆயிருக்கா?"

"அண்ணன். வண்டிலயே. இருவத்தேழு வயசு."

"வேற?"

"அப்பா. ஆனா அது வெயில் அடிச்சு."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "அண்ணனோட போஸ்ட்மார்ட்டம் பேப்பர் இருக்கா?"

வரும்போது பஸ்ஸில் பர்வீன் அக்கா ஏதோ பேசிக்கொண்டே வந்தார். எனக்குக் கேட்கவில்லை. இரண்டு பயம் ஒன்றாக வந்து உட்கார்ந்துவிட்டது. ஒன்று, எனக்கும் அது வரும் என்ற பயம். இன்னொன்று, அண்ணனை அந்தத் தண்ணிதான் கொன்றது என்றால், அதைக் கையில் கொடுத்தது யார்?

சாயங்காலம் அம்மா பையைக் காலி செய்யும்போது கேட்டாள். "ஏன் ரெண்டும் அப்புடியே திரும்பி வந்துருக்கு?"

"கேஸ் ட்ரபிள்மா. நொரை வர்ற தண்ணி குடிக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"யாரு?"

"கடைல எல்லாரும் சொல்றாங்க."

அம்மா பாட்டில்களைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். முகம் வாடிவிட்டது. அவள் கையில் ஒரு வேலை இல்லாமல் போன மாதிரி நின்றாள்.

நிறுத்திய மறுநாளிலிருந்து தலைவலி. நெற்றியை யாரோ துணி போட்டு முறுக்கினார்கள். கை கால் ஓய்ந்து போனது. எதைக் கண்டாலும் எரிச்சல். டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், நாலைந்து நாள் இருக்கும், பழகிய உடம்பு கேட்கும் என்று. ஐந்தாம் நாள் ஒரு பாட்டிலின் மூடிவரை கை போய்விட்டது. அம்மா கொல்லைக்குப் போயிருந்தாள். கையை எடுத்துவிட்டேன். ஏழாம் நாள் தலைவலி போனது. அதற்குப் பதிலாக அண்ணன் வந்தான். அத்தனை மாதமாக வராத அழுகை பஸ்ஸில், படியில், சேலை மடிக்கும்போது வந்தது. அதுவும் குணமாவதில் சேர்ந்தது என்று இப்போது நினைக்கிறேன். அன்று அப்படி நினைக்கவில்லை.

அடுத்த தடவை ரேஷன் கார்டுக்குக் கீழே இருந்த கவரை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துப்போனேன். டாக்டர் இரண்டு தடவை படித்தார்.

"ஒங்க அண்ணனுக்கு இதயத் தசை தடிச்சிருந்துருக்கு. இது கொஞ்ச நாள்ல வந்தது இல்ல. பல குடும்பத்துல ரத்த வழியா வரும். ஒங்க அப்பாவுக்கும் இருந்துருக்கலாம்."

"அப்ப அந்தத் தண்ணியால இல்லையா மேடம்?"

"தடிச்ச இதயம். சித்திர வெயிலு. தூக்கமில்ல, தண்ணியில்ல. அதுமேல இது. அந்த மாதிரி இதயத்துக்கு இது நல்லது இல்லன்னு சொல்லலாம். இதுதான் தள்ளுச்சுன்னு இந்தப் பேப்பர வெச்சு நான் சொன்னா, அது பொய்."

பிறகு எக்கோ (ஒலி அலையால் இதயத்தைத் திரையில் பார்ப்பது). இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். நெஞ்சில் குளிர்ந்த பசை. திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ திறந்து திறந்து மூடியது.

அப்போது நான் நினைத்ததை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் தடித்திருந்தால், அது அப்பா வழியில் வந்தது என்று ஆகிவிடும். அம்மா மேல் பழி இல்லை. எனக்கு ஒன்றும் இல்லையென்றால் நான் பிழைத்தேன், ஆனால் பழி பாட்டிலுக்குப் போகும், பாட்டிலிலிருந்து அம்மா கைக்குப் போகும். எது வேண்டும் என்று என்னால் வேண்டிக்கொள்ளவே முடியவில்லை. திரும்பிப் படுத்தபடி சுவரைப் பார்த்தேன்.

"இன்னிக்கு தடிப்பு இல்ல" என்றார் டாக்டர். "ஆனா ஒனக்கு வயசு இருக்கு. பின்னாடியும் வரலாம். வருஷத்துக்கு ஒரு தடவ பாக்கணும்." என் கேள்வி அவருக்கு எப்படித் தெரிந்ததோ, அவரே சொன்னார். "ஒனக்கு இல்லங்கறதால அண்ணனுக்கு இது ரத்தத்துல வரலன்னு ஆயிடாது. கூடப் பொறந்தவங்க எல்லாருக்கும் வரணும்னு இல்ல."

அன்றே ஹோல்டர் (ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் சின்னப் பெட்டி) மாட்டினார்கள். நெஞ்சில் ஒயர்கள், இடுப்பில் பெட்டி. ஒரு சீட்டு கொடுத்தார்கள். படபடப்பு வந்தால் நேரத்தையும், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் அதில் எழுத வேண்டும்.

துப்பட்டாவைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலில் சோளத்தட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டைத் தூக்கிவிடச் சொன்னாள். குனிந்தேன். துப்பட்டா விலகியது.

"இது என்னடி ஒயரு?"

சொல்ல வேறு பொய் இல்லை. நெஞ்சு டாக்டரைப் பார்த்தேன் என்றேன். அம்மா கட்டைக் கீழே போட்டாள்.

"கேஸுன்னு சொன்ன."

"ம்."

"அந்தத் தண்ணியாலயா?"

"எனக்குப் படபடப்பு வந்தது அதாலதான்மா. வுட்டதும் கொறஞ்சிருச்சு."

அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இடுப்பில் இருந்த பெட்டி என் நெஞ்சு ஓடுவதை எழுதிக்கொண்டிருந்தது.

"அவனுக்கும் அதானா? நாந்தானே தெனம் ரெண்டு ரெண்டா வெச்சேன்."

"தெரியாதும்மா. தெரியாதுன்னு டாக்டரே சொன்னாங்க. அண்ணனுக்கு ஏற்கெனவே நெஞ்சுச் சத தடிச்சிருந்துச்சாம். பேப்பர்ல இருக்கு."

"நான் வெச்சது அதத் தடிக்க வெச்சிருச்சா?"

"இல்லம்மா. அது ரத்தத்துல வர்றதாம்." எனக்கு வேறு வழி தெரியவில்லை. "அப்பாவுக்கு யாரும்மா சத்துத் தண்ணி வாங்கிக் குடுத்தா? அவருக்கும் அப்புடித்தானே ஆச்சு."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நான் கண்ணால் பார்த்தேன். ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு அவள் கண் என் துப்பட்டாவுக்கு வந்தது, ஒயருக்கு வந்தது.

"அப்ப ஒனக்கு?"

அவள் மேல் இருந்ததை நான் எடுத்தேன். எடுத்த கையோடு வேறொன்றை வைத்துவிட்டேன்.

"இன்னிக்கு இல்லன்னு சொல்லிட்டாங்கம்மா. வருஷா வருஷம் பாக்கணுமாம்."

அம்மா தட்டைத் தூசி ஒட்டிய கையை என் நெஞ்சில், ஒயர் ஒட்டாத இடமாகப் பார்த்து வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

அந்தச் சீட்டில் நான் ஒரே ஒரு வரிதான் எழுதினேன். 'நாலே கால். அம்மாவிடம் சொன்னேன்.' பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது டாக்டர் அந்த வரியைப் படித்தார். கம்ப்யூட்டரில் அந்த நேரத்தைத் தேடினார். "வேகமாத்தான் ஓடிருக்கு" என்றார். "ஆனா ஒழுங்கா ஓடிருக்கு." நாள் முழுவதிலும் தப்பிய துடிப்பு கொஞ்சம்தான். மாத்திரை வேண்டாம். தண்ணீர், சாப்பாடு, தூக்கம். பாட்டில் மட்டும் கூடவே கூடாது. மயக்கம் வந்தாலோ, நெஞ்சு அடங்காமல் ஓடினாலோ உடனே வரவேண்டும்.

இப்போது கடைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துப்போகிறேன். பாத்ரூம் போகும்போது சூப்பர்வைசர் முகத்தைப் பார்ப்பதில்லை. காலையில் அம்மா நான் நாலு வாய் சாப்பிட்ட பிறகுதான் பையைத் தருகிறாள். மிச்சப் பெட்டியை அம்மாவால் கொட்டவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை. மாட்டுக்கொட்டகையில் தட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

சித்திரையில் அண்ணனுக்கு வருஷப் படையல் வந்தது. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் போட்டோவுக்கு முன்னால் வைப்பது எங்கள் வழக்கம். அம்மா கோழிக்குழம்பு வைத்தாள், முறுக்கு வைத்தாள், அவன் கட்டாத புது வேட்டி வைத்தாள். அம்மா அந்தப் பாட்டிலை வைப்பாளா என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வைக்கவில்லை.

பதினோரு மணிக்கு ரவி அண்ணனும் இன்னும் மூன்று டிரைவர்களும் வந்தார்கள். ரவி அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போட்டோவிடம் போனார். பைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, இலையின் ஓரத்தில் வைத்தார். அதே பாட்டில். ஐஸ் விட்டு வேர்த்திருந்தது.

"கூலிங்காக் கொண்டாந்தேன்டா" என்று போட்டோவிடம் சொன்னார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். நெஞ்சு ஓடத் தொடங்கியது. அம்மா மெதுவாகப் போய் அந்தப் பாட்டிலை எடுத்து, முந்தானையால் துடைத்து, ரவி அண்ணன் கையிலேயே கொடுத்தாள்.

"இத எடுத்துக்கப்பா. அவன் குடிச்சது போதும்."

ரவி அண்ணனுக்குப் புரியவில்லை. "அவனுக்குப் புடிக்குமேம்மா."

"புடிக்கும். நாந்தான் தெனம் ரெண்டு வெச்சு வுட்டேன். சத்துன்னு நெனச்சு வெச்சேன்." அம்மா இதை நான்கு ஆண்கள் முன்னால் நின்று சொன்னாள். குரல் நடுங்கவில்லை. "அவன் நெஞ்சு ஏற்கெனவே சரியில்லாம இருந்துருக்கு. எங்களுக்குத் தெரியல. ஒங்களுக்கும் தெரியாது. குடிக்காதீங்கன்னு சொல்ல எனக்கு வாயில்ல. ஒரு தடவ நெஞ்சப் படம் புடிச்சுப் பாத்துக்கங்கப்பா."

ரவி அண்ணன் பாட்டிலை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். போகும்போது அதைத் திறக்காமலே எடுத்துப் போனார். அப்புறம் குடித்தாரா என்று எனக்குத் தெரியாது.

அவர்கள் போனதும் அம்மா கொட்டகைக்குப் போய்ப் பெட்டியை இழுத்து வந்தாள். முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து மண்ணில் கவிழ்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இடது மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் எதற்கும் நேரத்தை அப்படித்தான் பார்க்கிறேன். பஸ் வர எத்தனை துடிப்பு, சோறு கொதிக்க எத்தனை துடிப்பு. முன்பு உடம்பு இருப்பதே எனக்குத் தெரியாது. அடுத்த எக்கோவுக்கு இன்னும் ஆறேழு மாதம் இருக்கிறது. அதை மாதமாக நினைத்தால் பயம் வருகிறது. துடிப்பாக நினைத்தால், அடுத்த ஒன்று வந்தால் போதும்.

ஒரு பாட்டில் காலியாக என் விரலுக்குக் கீழே பதினெட்டுத் துடிப்பு ஆனது.

மூன்றாவது பாட்டிலில் ஒரு துடிப்பு தவறியது. படி இல்லை. அம்மா கவிழ்த்த பாட்டிலைப் பிடித்தபடியே என் முகத்தைப் பார்த்தாள்.

"அடுத்தது வந்துருச்சும்மா" என்றேன்.

அம்மா அடுத்ததைத் திறந்தாள்.